பூமாரி முகம் தெரிந்த தகடு

"இது?"

"செல்லக்கனி. மடிப்பு செக்‌ஷன்."

"இது?"

"லோடு ஏத்துற அந்தோணி. தலையில சாக்க மடிச்சுப் போட்டிருக்காரு பாருங்க."

"இது யாரு, குட்டையா, கையில பானையோட?"

"கிருஷ்ணன்."

விசாரணைக் கமிஷன் அதிகாரி சபாநாயகம் கம்ப்யூட்டரில் தேடினார். "கிருஷ்ணன்னு யாரும் வேலை பாக்கலையேம்மா."

"ஆளு இல்ல சார். வெண்ணெய்க் கிருஷ்ணன். அடுத்த வருசக் காலண்டர்ல வர்ற சாமி. கனவுல சாமியும் சேந்து ஓடியிருக்கு."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சபாநாயகம் அவள் முகத்தைப் பார்த்தார். சங்கரேஸ்வரியின் முகத்தில் அதற்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை. அவள் பூதக்கண்ணாடியை அடுத்த உருவத்துக்கு நகர்த்திவிட்டாள்.

அந்தத் தாளைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் தலை சுற்றும். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகள், வேறு நிறம் கிடையாது. ஒரு முழ அகலத் தாளுக்குள் ஒரு ஊரே அடைந்து கிடக்கும். ஒருத்தர் தோளில் இன்னொருத்தர் கால். தலைகீழாக மிதக்கிற பெண்கள். காலண்டரை விட்டு இறங்கி வந்த லட்சுமியும் முருகனும் தவழுகிற குழந்தைகளும் ஆட்களோடு ஆட்களாக முண்டியடிப்பார்கள். நெருப்பு மட்டும் இருக்காது. நெருப்பு இருந்த இடத்தில், கனவைக் கீறிய ஊசி ஒரு கோடுகூடப் போடாமல் வெள்ளையாக விட்டிருக்கும்.

"இது?"

"பூமாரி. பைண்டிங். என் தங்கச்சி."

சபாநாயகத்தின் விரல் நின்றுவிட்டது. முதுகைக் காட்டி ஓடுகிற ஒரு ஒல்லியான உருவம், பின்னல் ஒரு பக்கமாகப் பறந்தது.

"கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாமாம்மா?"

"எதுக்கு சார்? அடுத்தது காட்டுங்க."

சிவகாசியில் அந்தக் காலண்டர் ஆபீஸ் எரிந்தது ஆனி மாதக் கடைசியில். ஆபீஸ் என்றால் இங்கே அச்சகம். ஆடிப்பெருக்குக்குள் புது வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போட்டாக வேண்டும், ஊரே தலைகால் தெரியாமல் ஓடுகிற பருவம் அது. பைண்டிங் ஹாலில் தின்னர் டிரம் ஒன்று பற்றியது. காகிதத்துக்குச் சொல்லவா வேண்டும். பைண்டிங் ஹாலுக்கும் பக்கத்துப் பேக்கிங் ஹாலுக்கும் நடுவே ஒரு இரும்புக் கதவு. ஓடி வந்தவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் தப்பினார்கள். பிறகு யாரோ அந்தக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். பேக்கிங் ஹாலில் இருந்த நாற்பது சொச்சம் பேரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே மாட்டியவர்கள் ஐந்து பேர். அதில் ஒருத்தி பூமாரி.

தப்பித்தவர்கள் யாருக்கும் தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் கதவு, கதவைத் திறந்தால் நெருப்பு. அந்த வாரமே கம்பெனி தன் செலவில் அந்த ஊசி மெஷினை இறக்கி, கனவுப் பதிவகம் ஒன்று திறந்தது. கூடவே டாக்டர் கிரேஸ் வந்தார். முதல் நாள் அவர் சங்கரேஸ்வரிக்குச் சொன்னது இது:

"தலையில ஒரு தொப்பி மாட்டித் தூங்க வைப்போம். நீங்க கனவுல எதைப் பாக்குறீங்களோ, அதை ஊசி அப்படியே செம்புத் தகட்டு மேல இருக்கிற மெழுகுல கீறும். ஆசிட்ல போட்டா கீறல் பள்ளமாகும். அதுல மை தடவித் தாள்ல அழுத்தினா படம் வந்துரும்."

"கம்ப்யூட்டர்லயே வச்சுக்கலாமே டாக்டரம்மா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கிறத யாரும் மாத்திரலாம். செம்புல அரிச்சத அழிக்க முடியாது. அதனாலதான் கோர்ட்டு இத ஏத்துக்குது. அதுல உங்க பேர் இருக்காது. யார் கனவுன்னு எனக்குக்கூடத் தெரியாது, மெஷினுக்குத்தான் தெரியும்."

"எனக்கு அதெல்லாம் வேணாம். தூக்கம் வருமா?"

"வரும். தகட்டுல ஏறின கனவு திரும்ப வராது. ஒண்ணே ஒண்ணு. உங்க தகட்டுப் படத்த மட்டும் நீங்க பாக்கக் கூடாது. பாத்துக்கிட்டே இருந்தா கனவு திரும்பிரும்."

"எது என்னோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மெஷின் அத உங்க கையில குடுக்காது. அதோட, கனவு காணுறவங்க உருவம் அந்தப் படத்துல இருக்காது. நீங்க நின்ன இடத்துல இருந்து நீங்க பாத்ததுதானே படம்? உங்க கை கால் வேணா ஓரத்துல வரும். எழுத்தும் வராது. கனவுல எழுத்து வெறும் கிறுக்கலாத்தான் இருக்கும்."

கனவோடு சேர்த்து அழுகையையும் எடுத்துக்கொள்வோம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அவருக்கே அப்போது தெரியாது, பாவம்.

தெரிய வந்தது பிறகுதான். பூமாரியின் பதினாறாம் நாள் விசேஷத்தில் சங்கரேஸ்வரி இலை முன்னால் உட்கார்ந்து, வடை மொறுமொறுவென்று இருக்கிறது, இன்னொன்று போடுங்கள் என்றாள். அவள் அம்மா கையில் இருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "கல்லுடி நீ" என்றாள். அதற்குப் பிறகு அம்மா அவளிடம் பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை நகர்த்தி வைப்பாள், அவ்வளவுதான். சங்கரேஸ்வரிக்கு அதுவும் ஒன்றும் செய்யவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் மட்டுமா? பங்குனிப் பொங்கலுக்குக் கொட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே சாமி வந்துவிடும் செல்லக்கனிக்கு. அந்த வருடம் கொட்டு அவள் காதுக்குப் பக்கத்தில் அடித்தும், கையைக் கட்டிக்கொண்டு யாரோ மாதிரி நின்றாள். அந்தோணி வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. பார்த்துவிட்டு "ம்" என்றார். நாற்பது குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர் இப்படி ஆனார்கள். கம்பெனிக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. அழுது புரண்டு கேள்வி கேட்க ஆளே இல்லாமல் போய்விட்டதே.

சங்கரேஸ்வரி பைண்டிங், பேக்கிங் இரண்டுக்கும் சூப்பர்வைசர். எல்லா முகமும் அத்துபடி. செத்தவர்களின் உருவத்தைப் பார்த்து மற்றவர்கள் சொந்தம் கொண்டாடி ஒப்பாரி வைக்கும் இடத்தில், இவள் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவாள். இதைவிடத் தோதான ஆள் கமிஷனுக்குக் கிடைக்குமா? பெயர் சொல்லும் வேலைக்கு அவளையும் இன்னும் சிலரையும் வைத்துக்கொண்டார்கள். யாருக்கு எந்தத் தாள் என்பதை மெஷின்தான் பங்கு வைக்கும்.

ஒரு நாள் மத்தியானம் அவள் பதிவகக் கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்திருப்பாள் போல.

"அக்கா, நான் குருவம்மா. வாட்ச்மேன் மகாலிங்கம் சம்சாரம்."

மகாலிங்கம் உள்ளே இருந்தார். ஆபீஸில் கதவுகளுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான் என்று பிடித்து ஜெயிலில் போட்டிருந்தார்கள். யாரோ ஒருவரின் தகட்டில், தாளின் கீழ் ஓரத்தில், ஒரு கை அந்த இரும்புக் கதவின் தாழ்ப்பாளைப் போடுகிறது. அது இடது கை. மகாலிங்கம் நொட்டாங்கைக்காரர். சாப்பாட்டைத் தவிர எல்லாமே அவருக்கு நொட்டாங்கைதான், ஆபீஸில் அதைச் சொல்லிக் கேலி பண்ணாத ஆள் கிடையாது. அது அவர் கனவுதான், அவர் கைதான் என்று கமிஷன் முடிவு கட்டிவிட்டது. மறுவாரம் கோர்ட்டில் தீர்ப்பு.

"அவரு என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் சங்கரேஸ்வரி.

"என்னத்தச் சொல்லுவாரு? நான்தான் போலங்குறாரு. கனவ எடுத்த மனுசன்கிட்ட எதக் கேட்டாலும் ஆமாங்குறாரு. நீ திருடுனியான்னு கேட்டாலும் ஆமாம்பாரு. என்னயக் கட்டுனியான்னு கேட்டா மட்டும் யோசிக்கிறாரு." சொல்லும்போதே குருவம்மாளுக்குக் கண் கலங்கியது. "ஒரு எறும்ப மிதிக்க மாட்டாருக்கா. அஞ்சு பேர உள்ள வச்சுப் பூட்டுவாரா? உங்களுக்குத்தான் எல்லாரையும் அடையாளம் தெரியுமாமே. வக்கீல்கிட்ட கெஞ்சி நகல வாங்கியாந்தேன். ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க, இது எங்க வீட்டுக்காரரு கையா?"

பைக்குள்ளிருந்து சுருட்டிய தாளை எடுத்து மேசையில் விரித்தாள். நான்கு மூலையிலும் தண்ணீர் டம்ளரை வைத்தார்கள்.

இந்தத் தாளைச் சங்கரேஸ்வரி இதற்கு முன் பார்த்ததில்லை. அது ஒன்றும் அதிசயமாகத் தோன்றவில்லை. எல்லாத் தாளும் எல்லாருக்கும் வருவதில்லையே. பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

மற்றத் தாள்களில் எல்லாம் ஆட்கள் ஓடுவார்கள், முதுகுதான் தெரியும். இதில் எல்லாரும் பார்க்கிறவரை நோக்கி வந்தார்கள். கதவு நிலைக்குள் தலைகள் திணறின. அந்தோணி, செல்லக்கனி, மடிப்பு செக்‌ஷன் பெண்கள், அவர்கள் கால்களுக்கு நடுவே தவழுகிற கிருஷ்ணன்கள். கீழ் ஓரத்தில் அந்தக் கை. முழுக்கைச் சட்டை. அந்த ஆபீஸில் பெண்களும் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டைதான் போடுவார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கட்டைவிரல் இருந்த வாகைப் பார்த்தால் இடது கைதான்.

"எடது கைதான் குருவம்மா."

குருவம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சங்கரேஸ்வரி பழக்கத்தில் அடுத்த உருவத்துக்குப் போனாள். கூட்டத்துக்குப் பின்னால், கதவுக்கு உட்புறம், சரிந்து விழுந்த காகிதக் கட்டுகள். அதற்கு அப்பால் புகையில் நாலு உருவம். கட்டுகளுக்கு அடியில் இடுப்புவரை புதைந்து ஒரு பெண். அவள் கை நீண்டு கதவின் ஓரத்தில் இருந்தது. வாய் திறந்திருந்தது.

பூமாரி. இத்தனை தாள்களில் முதுகையே காட்டிக்கொண்டிருந்தவள், இதில் முகத்தைக் காட்டினாள். நேராகப் பார்த்தாள்.

சங்கரேஸ்வரி காத்திருந்தாள், ஏதாவது வருகிறதா என்று. ஒன்றும் வரவில்லை. கண்ணாடியை மேலே நகர்த்தினாள். பின்சுவரில், கட்டிங் மெஷினுக்கு மேலே, பிள்ளையார் இருந்தார்.

அவர் மேல் கண்ணாடி நின்றுவிட்டது.

"குருவம்மா, பிள்ளையாரப் பாரு."

"இப்பக் கும்புடவாக்கா?"

"தும்பிக்கையப் பாரு. எந்தப் பக்கம் போகுது?"

"அவருக்கு எடப்பக்கம்."

"நம்ம ஆபீஸ் பிள்ளையாரு வலம்புரி. மொதலாளி சொல்லிச் செஞ்சது. வர்றவங்ககிட்டயெல்லாம் வலம்புரி வலம்புரின்னு பீத்திக்கிட்டுத் திரிவாரு. பதினோரு வருசம் நான் தெனமும் கும்பிட்ட சாமி. தும்பிக்க எப்படித் திரும்பும்?"

சாப்பாட்டை அப்படியே மூடிவிட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டு இருவரும் அச்சு அறைக்குப் போனார்கள். தகடுகளுக்கு மை தடவித் தாள் எடுக்கிறவர் தெய்வேந்திரன். ஊரில் பெரிய ஆப்செட் பிரஸ்ஸில் தகடு போட்டுப் பழுத்த ஆள், பதிவகம் வந்ததும் இங்கே சேர்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, படம் எடம் வலமா மாறுமா?"

"அது எப்படி மாறும்? தகட்டுல இருக்கிறதுதான் தாள்ல வரும்." சொல்லிக்கொண்டே மல் துணியால் ஒரு தகட்டைத் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது. தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அதிலிருந்து எடுத்த தாளைப் பார்த்தார்.

"ஐயய்யோ" என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஆப்செட்ல தகடு நேராத்தான் இருக்கும்த்தா. தகட்டுல இருந்து ரப்பருக்குத் திரும்பும், ரப்பர்ல இருந்து பேப்பருக்குத் திரும்பும். ரெண்டு தடவ திரும்பி நேராயிரும். முப்பது வருசமா நேராப் பாத்த கண்ணு. இந்த மெஷின் வந்த மொத நாளு பாத்தா, தகடு திருப்பிப் போட்டு வருது. தப்பால்ல இருக்குன்னு நானே சுவிட்ச மாத்தி நேராக்கிட்டேன். இதுல ரப்பரே கெடையாதே! நேரா தாளுக்குல்ல போகுது! எழுத்து ஒண்ணு இருந்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும். கனவுல எழுத்தும் இல்லாமப் போச்சு…"

அவருக்குக் கனவு எடுக்கவில்லை. அதனால் அவரால் பயப்பட முடிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இது சோத்தாங்கையா?" குருவம்மாளுக்குப் பிடிபட ஒரு நொடி ஆயிற்று. பிடிபட்டதும் அழுகையும் சிரிப்புமாகச் சங்கரேஸ்வரியின் கையைப் பிடித்து உலுக்கினாள். "எங்க வீட்டுக்காரரு சோத்தாங்கையால ஒரு பித்தானக்கூடப் போட மாட்டாருக்கா! நீங்க நல்லா இருக்கணும்! உங்க கொலம் நல்லா இருக்கணும்!" பிறகு, கொஞ்சம் அடங்கி, "அப்ப யாருக்கா இந்தப் பாவி?" என்றாள்.

சங்கரேஸ்வரி பூதக்கண்ணாடியை எடுத்தாள். தாளை மறுபடி விரித்துத் தேடிக்கொண்டிருந்தாள். எல்லார் கனவிலும் அவள் இருப்பாள். கையைத் தூக்கி, ஓடுங்கள் ஓடுங்கள் என்று விரட்டுகிற சூப்பர்வைசர் அவள்தானே. இதுவரை அவள் கைக்கு வந்த எல்லாத் தாளிலும் இருந்தாள். இந்தத் தாளில் எல்லாரும் இருந்தார்கள். மகாலிங்கம்கூடத் தெருப் பக்கம் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு, முகம் தெரியாமல் முதுகைக் காட்டியபடி ஒரு மூலையில் மிதந்தார். அவளைத்தான் காணவில்லை.

பூமாரியின் முகத்தை இன்னொரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வை யாரைப் பார்க்கிற பார்வை என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் பூமாரி முதலில் பார்ப்பது அவளைத்தான்.

"நான்தான் போல" என்றாள் சங்கரேஸ்வரி.

குருவம்மாள் பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள். "என்னக்கா இது? பஸ்ஸு வந்துருச்சுங்கிற மாதிரி சொல்றீங்க?"

டாக்டர் கிரேஸ் எல்லாவற்றையும் கேட்டார். அந்தத் தாளின் எண்ணைத் தேடி எடுத்து, "மெஷின்கிட்ட கேட்டுப் பாருங்க" என்றார். சங்கரேஸ்வரி விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இந்தத் தாள் உங்களுக்கு இல்லை என்று அர்த்தம்.

"அப்ப என்னோடதுதான டாக்டரம்மா?"

"நெருங்கின சொந்தக்காரங்களோடதா இருந்தாலும் சிவப்புதான் எரியும். இது கோர்ட்டுல நிக்காது. படம் திரும்பினத நான் எழுதிக் குடுக்கிறேன். ஆனா அது மட்டும் போதாது. மூலையில முதுகக் காட்டுறது மகாலிங்கம்தான்னு நீங்க சொன்னாலும் நம்ப மாட்டாங்க. மகாலிங்கம் வேற ஒத்துக்கிட்டாரே. ரெண்டு கையும் அவருக்குத்தானே இருக்குன்னு கேப்பாங்க."

"வேற என்ன வழி?"

"நீங்க சம்மதிச்சு, உங்க பேர்லயே, அந்தக் கனவ இன்னொரு தடவ எடுக்கணும். அதுக்கு மொதல்ல கனவு திரும்பி வரணும். இந்தப் படத்த வீட்டுக்குக் கொண்டுபோய்த் தூங்குறதுக்கு முன்னாடி பாத்துக்கிட்டே இருந்தா, என்னிக்காவது வரும். ஆனா சங்கரேஸ்வரி, ரெண்டாவது தடவ எடுத்தா தகட்டுல பதியும், அவ்வளவுதான். உங்கள விட்டுப் போகாது. அப்புறம் அது சாகுற வரைக்கும் உங்களோடதான். யோசிச்சுச் சொல்லுங்க."

"சரி" என்றாள் சங்கரேஸ்வரி.

"நான் யோசிக்கச் சொன்னேன்."

"யோசிக்க என்ன டாக்டரம்மா இருக்கு? எனக்கு இப்ப ஒண்ணும் வலிக்கல."

கிரேஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வலி என்றால் என்னவென்று மறந்துபோனவளிடம் வலிக்குச் சம்மதம் வாங்குவது என்ன நியாயம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் மகாலிங்கம் உள்ளே இருந்தார். டாக்டரின் கடிதத்தைக் காட்டி வக்கீல் தீர்ப்பைத் தள்ளி வைக்கச் செய்தார்.

சங்கரேஸ்வரி வீட்டில் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் தாளை ஒட்டினாள். அம்மா விளக்குமாற்றோடு உள்ளே வந்தவள், "இதென்ன பேய்ப் படம்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தபடி கிட்டே போனாள். கிட்டே போனவள் நின்றுவிட்டாள். எத்தனையோ உருவங்களுக்கு நடுவே அவள் விரல் நேராகப் போய் அந்த முகத்தின் மேல் நின்றது.

"பூமாரி" என்றாள்.

பேசாத அத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அம்மா வாய்விட்டுச் சத்தமாகச் சொன்ன முதல் பேச்சு அது. அது சங்கரேஸ்வரியிடம் சொன்னதில்லை. தினமும் காலையில் அம்மா வந்து அந்தத் தாளின் தூசியைத் தலைப்பால் தட்டிவிட்டுப் போவாள்.

நாள் போயிற்று. ஒன்றும் வரவில்லை. படுப்பாள், பார்ப்பாள், தூங்குவாள். குருவம்மாள் தினம் சாயங்காலம் வந்து வாசலில் நின்று, "வந்துச்சாக்கா?" என்று கேட்பாள். "இல்ல" என்பாள். அடுத்தவள் கெட்ட கனவுக்காக இப்படிக் காத்துக் கிடக்கிறோமே என்று குருவம்மாளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மறுநாளும் வந்தாள்.

வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு சாப்பிட்ட அசதியில் கண் அசந்தபோது வந்தது.

முதலில் நிறம் வந்தது. வெள்ளையாக விட்டிருந்த இடமெல்லாம் ஆரஞ்சாகப் பற்றி எழுந்தது. தின்னர் நாற்றம் மூக்கில் ஏறியது. பூமாரியின் சட்டைக்குக் கீழே மஞ்சள் சேலை தெரிந்தது. அது சங்கரேஸ்வரியின் சேலைதான், காலையில் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து திட்டு வாங்கியிருந்தாள். தரையில் நெருப்பு தண்ணீர் மாதிரி கதவை நோக்கி ஓடி வந்தது. சங்கரேஸ்வரி பேக்கிங் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேர், அத்தனை காகிதம், தெருக் கதவு இன்னும் திறக்கவில்லை. பூமாரியைப் பார்த்தாள். கட்டுகளுக்கு அடியிலிருந்து அவளை இழுக்க நாலு ஆள் வேண்டும்.

அப்புறம் சத்தம் வந்தது. ஊசிக்குச் சத்தம் கீறத் தெரியாது. திறந்த வாயைத்தான் கீறியிருந்தது.

"சாத்துக்கா!" என்று கத்தினாள் பூமாரி. "சாத்து! அக்கா, சாத்து!"

கதவின் ஓரத்தில் இருந்த கை அதைப் பிடித்துத் தடுக்கவில்லை. உள்பக்கமாகத் திறந்து கிடந்த அந்தக் கதவை, எட்டிய மட்டும் எக்கி, அக்காவைப் பார்த்துத் தள்ளியது. சங்கரேஸ்வரி இழுத்தாள். தாழ்ப்பாள் சூடாக இருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து அழுதுகொண்டிருந்தாள் சங்கரேஸ்வரி. ஒரு வருட அழுகையும் ஒன்றாக வந்தது. அம்மா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை.

மறுநாளே தகடு எடுத்தார்கள். தெய்வேந்திரன் சுவிட்சைச் சரியாகப் போட்டார். தாளில் பிள்ளையார் வலம்புரியாக இருந்தார். தாழ்ப்பாளில் வலது கை இருந்தது. மற்றபடி அதே படம்.

சபாநாயகம் இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்க்கவே தயங்கினார். வீங்கிச் சிவந்த அந்த முகத்துக்கு அவர் பழகியிருக்கவில்லை.

"உங்க மேல கேஸ் வரும்மா. நல்ல வக்கீலா வச்சுக்கங்க. நாப்பது பேரக் காப்பாத்தத்தான் சாத்துனீங்கன்னு சொல்லலாம், எடுபடும்னு நெனைக்கிறேன்." பேனாவை எடுத்தார். "பூமாரி, கதவப் பிடிச்சுக்கிட்டு, திறக்கச் சொல்லிக் கெஞ்சுறாங்க. அப்படித்தானே?"

"இல்ல சார். சாத்தச் சொன்னா. கதவத் தள்ளுனதே அவதான்."

சபாநாயகம் தாளைப் பார்த்தார். திறந்த வாய், நீண்ட கை. நல்ல மனிதர்தான். அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"அது படத்துல இல்லையேம்மா" என்றார்.

மகாலிங்கத்தை அன்று சாயங்காலமே விட்டார்கள். "அப்ப நான் இல்லையா?" என்று கேட்டார். "நீங்க இல்ல" என்றாள் குருவம்மாள். "சரி" என்றவர், வீட்டில் என்ன குழம்பு என்று விசாரித்தார். குருவம்மாள் சங்கரேஸ்வரியின் காலைத் தொடக் குனிந்தாள். சங்கரேஸ்வரி காலை இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள். வழக்கம்போல நகர்த்திவிட்டுப் போகாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"கடைசியா என்னடி சொன்னா?"

சங்கரேஸ்வரி சொன்னாள். மஞ்சள் சேலையைச் சொன்னாள், கட்டுகள் சரிந்ததைச் சொன்னாள், சாத்துக்கா என்று கத்தியதைச் சொன்னாள். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்துச் சுவரில் இருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவ சொன்னா நீ சாத்திருவியாடி?" என்றாள்.

சங்கரேஸ்வரிக்கு வலித்தது. இனி எந்த மெஷினும் இதை எடுக்காது. சோற்றுக் கையோடு அப்படியே தரையில் சரிந்து அழுதாள். அம்மா எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்போதும் அந்தக் கேள்வியை அவள் வாபஸ் வாங்கவில்லை.